பதின்மூன்றாம் நாள் புரோநோட்டு

துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் எந்தக் காரியமாக வந்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே கண்டுகொள்ளலாம். துக்கம் விசாரிக்க வந்தவர் வாசலில் செருப்பை உதறிவிட்டு நேரே உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறார். பாக்கி கேட்க வந்தவரோ, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று சற்று யோசிக்கிறார். வீட்டின் மாடியை ஒரு முறை நிமிர்ந்து பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் பெருமூச்சு விடுகிறார்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கொடுத்த பணத்தைக் கேட்பது ஒரு குற்றமன்று. கேட்கிற நாளும் கேட்கிற விதமும்தான் விஷயம். செங்கற்பட்டில் ஒரு வக்கீலிடம் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் என்கிற முறையில் இம்மாதிரி வரவுகளை நான் நிறையப் பார்த்ததுண்டு. ஆனால் சேலையூரில் என் சிற்றப்பா காலமானபோதுதான், அந்தக் காகிதங்கள் ஒரு வீட்டுக் கூடத்தில் எப்படி வந்து இறங்குகின்றன என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

சிற்றப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மாடி கட்டுவதற்காக வீட்டை ஈடு வைத்து ஒரு பாங்கியில் கடன் வாங்கியிருந்தார். அது போதாமல், பழைய சிநேகிதர் ஒருவரிடம் 3 லட்சம் ரூபாய்க்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்தார். உயில் எழுதவில்லை. குமாரன் புனாவில் உத்தியோகம் பார்ப்பவன். காரியங்கள் ஆனதும் புறப்பட்டுப் போய்விட்டான். பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் சிநேகிதர் வந்தார். கையில் புதிதாய் ஒரு புரோநோட்டு. ரெவினியூ ஸ்டாம்பு கூட ஒட்டித் தயாராக இருந்தது.

"அம்மா, உங்கள் பேருக்கு மாற்றி ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மூன்று மாத வட்டியை நான் விட்டுவிடுகிறேன்" என்றார்.

சித்தி பேனாவை எடுத்துவிட்டாள். நான் தடுத்தபோது அவள் கேட்ட கேள்வி, "ஏண்டா அப்பா, அவர் வாங்கினது நிஜம்தானே? கடனோடு போனால் அவருக்கு நற்கதி உண்டா?" என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு நம் முன்னோர்கள் நெடுங்காலம் ஒரே பதில்தான் சொல்லி வந்தார்கள். தகப்பன் கடனைப் பிள்ளை தீர்ப்பது தர்மம். சூதாடியும் குடித்தும் பட்ட கடனுக்கு மட்டும் சாஸ்திரக்காரர்களே விலக்கு அளித்திருந்தார்கள். கோர்ட்டுகளும் வெகு காலம் இதை ஒப்புக்கொண்டு தீர்ப்புச் சொல்லி வந்தன. 2005-ஆம் வருஷம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அவ்வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதிக்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு, 'பிள்ளையின் தர்மம்' என்பதை மட்டும் காரணமாகக் காட்டி வழக்காட முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். அதற்காகக் கடனே போய்விட்டதென்று எண்ணிவிடக் கூடாது. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து அந்தக் கடனுக்கு இன்றும் பதில் சொல்லியே தீரவேண்டும். 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு இதை அளந்து சொல்கிறது: இறந்தவருடைய சொத்தில் எவ்வளவு வாரிசின் கைக்கு வந்ததோ, அவ்வளவுக்குத்தான் அந்த வாரிசு பொறுப்பாளி. தன் சொந்தக் காசுக்கு இல்லை.

சித்தி கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த அளவுகோல் ஒடிந்து போயிருக்கும். புது நோட்டுக் கடன் சிற்றப்பாவின் கடன் ஆகாது, சித்தியின் கடன். அவளுடைய நகையும், தாய்வீட்டார் பெருங்களத்தூரில் அவளுக்குக் கொடுத்த அரைக் கிரவுண்டும் அதற்கு ஜவாப்தாரி ஆகியிருக்கும். சிநேகிதருக்கு என்ன அவசரம் என்று பழைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். கேட்டவுடன் கொடுப்பதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம்தான் ஆயுள். அது முடிய 26 நாள் பாக்கி! பின்புறத்தில் வட்டி வரவு வைத்திருந்தது. ஆனால் எல்லாம் சிநேகிதருடைய கையெழுத்து. சிற்றப்பா எழுதியது ஒரு வரியும் இல்லை. வாங்கியவர் தம் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ இருந்தால்தான் அந்த வரவு நோட்டின் ஆயுளை நீட்டும்.

இறந்தவர் பேரில் வருகிற பாத்தியதைகளைச் சோதித்துப் பார்ப்பது பாவம் என்று நினைக்கிறவர்களுக்கு, நாங்கள் குடியிருக்கிற மண்ணின் கதையையே நினைவூட்ட விரும்புகிறேன். தாம்பரத்தைச் சுற்றியுள்ள இந்தச் செங்கற்பட்டுச் சீமையை 1763-இல் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்தவர் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா. அவர் கும்பினி உத்தியோகஸ்தர்களிடமே கடனுக்கு மேல் கடன் வாங்கினார். 1785-இல் எட்மண்டு பர்க் பார்லிமெண்டில் இந்தக் கடன்களைக் கிழிகிழியென்று கிழித்தார். நவாப் 1795-இல் இறந்தார். 1801-இல் ராஜ்யமும் கும்பினியிடம் போயிற்று. கடன்காரர்களின் கணக்கைப் பார்க்க 1805-இல் லண்டனில் ஒரு கமிஷன் ஏற்பட்டது. சுமார் 25 வருஷம் உட்கார்ந்து பார்த்தார்கள். கேட்ட தொகை மொத்தம் 3 கோடிப் பவுனுக்கு மேல். உண்மை என்று ஒப்புக்கொண்டது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றதெல்லாம் தள்ளுபடி.

கடைசிப் பட்டத்து நவாபான குலாம் கௌஸ் கான் 1855-இல் சந்ததியின்றி இறந்தபோது, அவருடைய ஆஸ்தியை நிர்வகித்துக் கடன் தீர்ப்பதற்கென்றே 1858-இல் 30-ஆவது சட்டம் என்று தனியாக ஒன்று செய்தார்கள். கடனுக்காகச் சேப்பாக்கம் அரண்மனை ஏலத்துக்கு வந்தது. வாரிசு இல்லை என்று சொல்லிப் பட்டத்தை எடுத்துக்கொண்ட சர்க்காரே அரண்மனையையும் வாங்கிக்கொண்டது. கடற்கரைக்குப் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தை இனி இந்த ஞாபகத்தோடு பார்க்கலாம்.

சேலையூர் வீட்டில் கமிஷன் நான்தான். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கினேன். பாக்கி உண்டென்று வந்த ஒவ்வொருவரிடமும் தேதி, முதல், வந்த வட்டி மூன்றையும் எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். வாய்க்கணக்காக வந்தவர்களில் இருவர் அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. சிநேகிதர் மட்டும் ஒழுங்காக எழுதிக் கொடுத்தார். சிற்றப்பாவின் டயரியில் அவருக்கு 50,000 ரூபாய் அசலில் திருப்பிக் கொடுத்ததாக ஒரு குறிப்பு இருந்தது, காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆமாம், மறந்தே போனேன்" என்றார். மறந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பதின்மூன்றாம் நாள் நோட்டில் முழுசாக 3 லட்சம் என்றுதான் எழுதியிருந்தது.

சிற்றப்பாவின் நிரந்தர வைப்புத் தொகை ஒன்று சித்தியை நாமினியாகக் கொண்டிருந்தது. நாமினி என்றால் சொந்தக்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். பாங்கியிலிருந்து பணத்தை வாங்கும் உரிமைதான் அது. வந்த பணம் வாரிசுகளுக்கும், அவர்களுக்கு முன்னால் கடன்காரர்களுக்கும் உரியது. குடும்பப் பென்ஷன் சங்கதி வேறு. அது விதவைக்கே உரியது; அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

யாருக்கு முதலில் கொடுப்பது? 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் நிர்வாகிகளுக்கு ஒரு வரிசை வகுத்திருக்கிறது. ஈமச் செலவும் கடைசி வைத்தியச் செலவும் முதலில். பிறகு கோர்ட்டு மூலம் நிர்வாகம் பெறும் செலவு. அதற்கு அடுத்தாற்போல், கூலியாள், கைவினைஞர், வீட்டு வேலைக்காரர் ஆகியோருக்கு, சாவுக்கு முந்திய மூன்று மாதத்திற்குள் செய்த வேலைக்கான சம்பளப் பாக்கி. மற்றக் கடன்காரர்களுக்கு, ஈடு பிடித்தவர் போன்றோர் நீங்கலாக, முன்பின் கிடையாது. சொத்துப் போதாவிட்டால் விகிதப்படி பங்கு. எங்கள் வீட்டில் கோர்ட்டு நியமித்த நிர்வாகி யாரும் இல்லைதான். இருந்தாலும் அந்த வரிசையையே வைத்துக்கொண்டோம். அதைப் படித்தபோதுதான் சித்தி திடுக்கிட்டாள். ஆஸ்பத்திரி அலைச்சலில் பாத்திரம் தேய்க்கிற அம்மாளுக்கு இரண்டு மாதச் சம்பளம் கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. நாள் தவறாமல் வந்து போய்க்கொண்டிருந்தாள்.

நோட்டுப் புத்தகத்தில் முதல் வரி அவளுடையது. சிநேகிதருக்கு 2,50,000 ரூபாயும் நியாயமான வட்டியும், மூன்று வருஷம் நிறைவதற்கு நாலு நாள் முன்னதாகச் செக்காகக் கொடுத்து, பழைய நோட்டின் மேல் 'முழுதும் வரவாயிற்று' என்று எழுதி வாங்கிக்கொண்டோம். கெடுவை ஓடவிட்டிருந்தால் கொடுக்காமலே இருந்திருக்கலாமே என்று புனாவிலிருந்து குமாரன் டெலிபோனில் கேட்டான். சித்தி அதற்குப் பதில் சொல்லாமல் அவன் சாப்பிட்டானா என்று விசாரித்தாள்.

பாங்கிக் கடன் வீட்டோடு ஒட்டியது. அது எங்கும் போகாது. மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறாள். வாடகை மாதத் தவணைக்குச் சரியாக இருக்கிறது. இன்னும் ஆறு வருஷம் கட்ட வேண்டும்.