கல்பாக்கத்துக்குக் கல் கொடுத்த ஊர்

டாட்டாநகரில் இறங்கி ஜீப்பில் குலுங்கினால் ஜாதுகுடா. 1967-ல் தொடங்கிய, நம் நாட்டின் முதல் யுரேனியச் சுரங்கம். நம்ம கல்பாக்கம் உலைக்குப் போன எரிபொருளில் இந்த ஊர்க் கல்லும் உண்டு சார். ஒரு டன் உடைத்தால் ஒரு கிலோகூடத் தேறாது!

டீக்கடையில் ஓய்வுபெற்ற சந்தால் தொழிலாளி ஒருவர் பேச்சுக் கொடுத்தார். கூண்டு லிஃப்ட்டில் 900 மீட்டர்வரை இறக்கம். கீழே ஒரே புழுக்கம். துளை போடும்போது தூசி அடங்கத் தண்ணீர். பாறையிலிருந்து கசியும் ரேடான் வாயுவுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. மூச்சோடு போய் நுரையீரலைப் பதம் பார்க்கும். அதை வெளியேற்ற ராட்சத விசிறிகள்.

"பயமா இல்லையா, தாதா?" (அங்கே அண்ணனைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள்.)

"கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே பயப்பட?"

மகன் அதே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறானாம்.

"கிடைக்கணும்னு நான் வேண்டிக்கறேன். கிடைக்கக் கூடாதுன்னு அவங்கம்மா வேண்டிக்கறா" என்றார்.