முடியில் மூன்றில் ஒரு பங்கு

உங்கள் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். (இருப்பவர்கள் மட்டும்!) அதன் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால், அதில் எழுபது கூறு. ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இப்போது அந்த முடியை நீளவாக்கில் மூன்றாகக் கிழியுங்கள் பார்ப்போம்.

சிரிக்காதீர்கள். கோவை கணபதியிலும் பீளமேட்டிலும் தகரக் கூரை போட்ட பட்டறைகளில் தினமும் நடப்பது இந்தக் கணக்குதான். 25 மில்லிமீட்டர் துளைக்குப் பக்கத்தில் 'ஹெச்-7' என்று டிராயிங்கில் எழுதியிருந்தால், துளை 25-க்குக் கீழே போகக் கூடாது, 25.021-க்கு மேலே ஏறக் கூடாது. மொத்தம் 21 மைக்ரான் இடம். தாண்டினால் பீஸ் பழைய இரும்புக்கடைக்கு.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், வாசகர் ஒருவர் கேட்ட கேள்வி. அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். மகன் இன்ஜினீயரிங் முடித்துவிட்டுத் தொழிலைக் கையில் எடுத்திருக்கிறார். 'ஃபைவ் ஆக்ஸிஸ் மெஷின் வாங்கினால் எந்த வேலையும் செய்யலாம் என்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கப் போகிறேன். சரிதானே?' என்கிறார். அந்த வீட்டில்தான் அவருடைய அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள்.

பி.காம். படித்தவன் தனியாகப் பதில் சொல்கிற விஷயமா இது? பட்டறைத் தொழிலில் 35 வருஷம் ஊறிய ஒருவரிடம் போனேன். ஃபைவ் ஆக்ஸிஸ் என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"மெசின் எதுன்னு அப்புறம் பாத்துக்கலாமுங்க தம்பி. மொதல்ல அவரு கையில இருக்கற டிராயிங்கக் காட்டச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சூத்திரம். பாத்திரக் கடைக்குப் போகுமுன் இட்லியா தோசையா என்று முடிவு பண்ண வேண்டாமா?

அவர் சொன்ன வரிசையிலேயே போவோம். முதல் கேள்வி, பீஸ் உருண்டையா, கட்டையா? ஷாஃப்ட், புஷ், பின் மாதிரி உருண்டைச் சாமான் என்றால் சி.என்.சி. டர்னிங். இதில் சாமான் சுற்றும், டூல் நகர்ந்து சீவும். பிளேட், பிராக்கெட், வால்வு பாடி மாதிரி தட்டையும் துளையுமாக இருந்தால் மில்லிங். பட்டறை பாஷையில் வி.எம்.சி. இதில் டூல் சுற்றும், சாமான் மேஜையில் உட்கார்ந்திருக்கும். வருகிற வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, எவ்வளவு கெட்டி? ஒரு பம்ப் ஷாஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முழு நீளமும் துல்லியமாக இருக்கத் தேவையில்லை. பேரிங் உட்காரும் இடம் மட்டும் மைக்ரான் கணக்கில் இருக்க வேண்டும். அதனால் லேத்தில் கடையும்போது அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல் சதை விட்டுவைப்பார்கள். பிறகு ஹீட் ட்ரீட்மென்ட். சூட்டில் இரும்பு கெட்டிப்படும், கூடவே லேசாகக் கோணவும் செய்யும். அந்தக் கோணலையும் மிச்சச் சதையையும் கடைசியில் கிரைண்டிங்கில் எடுப்பார்கள். முதலிலேயே கரெக்ட் சைஸுக்குக் கடைந்துவிட்டால்? கோணலை எடுக்க சதையே இருக்காது. மொத்த லாட்டும் போச்சு!

கெட்டிப்பட்ட இரும்பின் நடுவில் நுணுக்கமான வடிவம் வெட்ட வேண்டுமானால் ஒயர் கட். சுமார் கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைக் கம்பி, இரும்பைத் தொடாமலே, தண்ணீருக்குள் மின்பொறி பறக்கவிட்டு அரித்துக்கொண்டு போகும். 1943-ல் சோவியத் யூனியனில் லசரென்கோ தம்பதி, மின்பொறியால் உலோகம் அரிக்கப்படுவதைத் தடுக்க ஆராய்ச்சி செய்யப் போய், அந்த அரிப்பையே ஆயுதமாக்கிவிட்டார்கள். அதன் பேரன்தான் இந்த ஒயர் கட். ஆனால் மெதுவாகத்தான் வெட்டும். மின்சாரம் பாயாத பொருளில் வேலைக்கு ஆகாது. கம்பி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வர வழியும் வேண்டும்.

மூன்றாவதுதான் நம் வாசகரின் கேள்வி. ஃபைவ் ஆக்ஸிஸ் எப்போது? ஒரு சாமானைத் திருப்பித் திருப்பிக் கட்டும்போது ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் விலகும். ஐந்து பக்கமும் ஒன்றுக்கொன்று துல்லியமாக இருக்க வேண்டுமென்றால், ஒரே கட்டில் முடிப்பதுதான் நல்லது. முறுக்கிய பிளேடு மாதிரி வளைவுகளுக்கும் அது வேண்டும். சி.என்.சி. பிறந்ததே வளைவுக்காகத்தான். அமெரிக்காவின் மிச்சிகனில் ஹெலிகாப்டர் இறக்கை தயாரித்துக்கொண்டிருந்த ஜான் பார்சன்ஸ், வளைவைக் கணக்குப் போட்டுப் புள்ளி புள்ளியாக வெட்டலாம் என்று யோசித்தார். 1952-ல் எம்.ஐ.டி. அப்படி இயங்கும் மில்லிங் மெஷினைச் செய்து காட்டியது.

"ஏரோஸ்பேஸ் ஆர்டர் கையில இருந்தா தாராளமா வாங்கட்டுமுங்க. நம்மூரு பம்ப் இம்பெல்லரு வார்ப்புல வருது. அதுல துளையக் கடையறதுக்கு அஞ்சு ஆக்ஸிஸ் எதுக்கு?" என்றார் பெரியவர். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. சாதாரண வி.எம்.சி. மேஜையில் ரோட்டரி டேபிளை ஏற்றினால் நாலாவது ஆக்ஸிஸ் கிடைத்துவிடும். நிறைய வேலைக்கு அதுவே போதும்.

இனி என் பங்குக்குக் கணக்கு. மெஷினில் சாமானைக் கட்டி, டூல் வைத்து, முதல் பீஸ் ஓகே ஆகும்வரை 3,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து பீஸ் ஆர்டர் என்றால் தலைக்கு 300 ரூபாய். ஆயிரம் பீஸ் என்றால் 3 ரூபாய். பத்து பீஸ்தான், ஆனால் நாலு தடவை திருப்பிக் கட்ட வேண்டும் என்றால், ஃபைவ் ஆக்ஸிஸின் மணிக்கூலி அதிகமானாலும் லாபம்தான். ஆயிரம் பீஸ் சாதாரண புஷ் என்றால், அதே மெஷின் வட்டி தின்னும் யானை. எது பெரிய மெஷின் என்று பார்க்காதீர்கள். இந்த டிராயிங்கை, இத்தனை பீஸை, எதில் போட்டால் ரிஜக்‌ஷன் போகத் தலைக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள்.

ரிஜக்‌ஷன் என்றதும் இன்னொன்று. அளவுகளுக்கென்று உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. கோவை சித்திரை மத்தியானத்தில் பட்டறைக்குள் 35 இருக்கும். அந்தச் சூட்டில் 100 மில்லிமீட்டர் அலுமினியம் சுமார் 34 மைக்ரான் நீளும். அளக்கிற இரும்பு கேஜ் அதில் பாதிதான் நீளும். மத்தியானம் 'பாஸ்' ஆன பீஸ், வாங்கியவரின் ஏ.சி. அறையில் ஃபெயில்! அதனால் மெஷின் பட்ஜெட்டில் அளக்கும் அறைக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

இதே நியாயம் ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கும் உண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று டிராயிங் முழுக்க 10 மைக்ரான் என்று எழுதாதீர்கள். டர்னிங்கோடு முடிய வேண்டிய வேலை கிரைண்டிங்குக்குப் போகும். அந்தக் காசையும் நீங்கள்தான் கொடுப்பீர்கள்.

வாசகத் தம்பிக்கு வருகிறேன். உங்களுக்குக் கடந்த ஒரு வருஷத்தில் வந்த டிராயிங்குகளையெல்லாம் மேஜையில் பரப்புங்கள். உருண்டை ஒரு குவியல், கட்டை ஒரு குவியல், கிரைண்டிங்கும் ஒயர் கட்டும் கேட்பவை ஒரு குவியல், நிஜமாகவே ஐந்து ஆக்ஸிஸ் கேட்பவை ஒரு குவியல். கடைசிக் குவியல் சின்னதாக இருந்தால், அதை ஏற்கெனவே அந்த மெஷின் வைத்திருப்பவரிடம் ஜாப் ஒர்க் கொடுத்து வாங்குங்கள். அந்தக் குவியல் வளர்ந்து, மாதா மாதம் நீங்கள் கொடுக்கும் கூலி வங்கித் தவணையை எட்டிப் பிடிக்கட்டும். அப்போது மெஷின் வாங்கலாம்.

அதுவரைக்கும் பத்திரம் அம்மாவின் பீரோவிலேயே இருக்கட்டும்.