மலையின் பெயரால் ஓர் ஏரித் தொகுதி

திருப்பதி என்ற சொல்லைக் கேட்டவுடன் எவர் உள்ளத்திலும் முதலில் எழுவது மலை. அடுத்து எழுவது லட்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மன்றத்து நண்பர்களில், "லட்டு எங்கே?" என்ற கேள்விக்குத் தப்பியவர் ஒருவரும் இலர். ஆனால் திருப்பதி என்னும் பெயர் தாங்கிய பாராளுமன்றத் தொகுதிக்கு மலை மட்டுமன்று, மாபெரும் ஏரி ஒன்றும் உண்டு. அவ்வேரிக்கு அணித்தே ஆலைகளும் உண்டு. இதனை நம்மில் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அத்தொகுதியின் கீழ்க்கோடியில் பிறந்து, மேல்கோடியில் படிக்க வந்தவன் யான். அந்த உரிமையில் சில சொல்ல விழைகின்றேன்.

திருப்பதி, காளத்தி, சத்தியவேடு, சூலூர்ப்பேட்டை, கூடூர், வேங்கடகிரி, சர்வேபள்ளி என்னும் ஏழு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது இத்தொகுதி. சேஷாசலக் குன்றுகளிலிருந்து இறங்கிக் காளத்தியைக் கடந்து கிழக்கே சென்றால், நிலம் படிப்படியாகத் தாழ்ந்து முடிவில் நீரோடு நீராகிவிடும். அந்நீர்ப்பரப்பே பழவேற்காட்டு ஏரி. இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெருமை இதற்கே உரியது. பரப்பு பெரிது, ஆழமோ பெரும்பாலான இடங்களில் ஆள் உயரங்கூட இல்லை. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்பதும் அந்த ஆழமின்மையை நம்பியே. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டைத் தீவு. 1971 முதல் அங்கிருந்து விண்ணுக்கு ராக்கெட்டுகள் எழுகின்றன. அதற்காகத் தம் குடியிருப்புகளை விட்டு வெளியேறிய யானாதிப் பழங்குடியினரின் பெயரோ செய்தித்தாள்களில் எழுவதில்லை.

இந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி தமிழகத்தில். ஏன் இப்படி என்று சிறுவனாக இருந்தபோது என் பாட்டனாரைக் கேட்டேன். சத்தியவேட்டை அடுத்த சிற்றூர் எங்களுடையது. அவர் சிரித்துக்கொண்டே, "நான் வீட்டுத் திண்ணையை விட்டு ஓரடி நகரவில்லையப்பா! மாநிலந்தான் நகர்ந்து போயிற்று" என்றார். வேடிக்கைப் பேச்சன்று, வரலாறே அதுதான். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுதும் அதனுடன் சென்றது. ம. பொ. சிவஞானமும் தமிழரசுக் கழகத்தாரும், மங்கலங்கிழாரும் வடவெல்லைக்காகப் போராடினர். பட்டாஸ்கர் தீர்ப்பும் அதன்மேல் 1959-இல் இயற்றப்பட்ட சட்டமும் வந்தன. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த பல ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. எங்கள் பகுதி அவ்வாறு சென்றதே. திருத்தணியைப் பெற்ற மகிழ்ச்சியைத்தான் நாம் மேடைதோறும் பேசுகிறோம். கொடுத்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பேருந்தில் இரண்டும் என்று நாங்கள் வளர்ந்தோம். அதனால் எமக்குக் குறை ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. இரண்டு மொழிகளிலும் சண்டை போடக் கற்றுக்கொண்டோம்!

மொழியால் பிரித்த நிலத்தைத் தொழில் மீண்டும் இணைக்கத் தொடங்கிற்று. சத்தியவேட்டுக்கும் தடாவுக்கும் இடையே 2008-இல் 'ஸ்ரீசிட்டி' என்னும் தொழில் நகரம் தொடங்கப்பட்டது. வேர்க்கடலையும் மானாவாரிப் பயிரும் கண்ட மண்ணில் இன்று இசுசு வண்டிகள் உருவாகின்றன. சென்னை மக்கள் ஏறிச் செல்லும் மெட்ரோ ரயிலின் பெட்டிகள் பல, இங்குள்ள ஆல்ஸ்டம் ஆலையில் செய்யப்பட்டவை. சென்னைத் துறைமுகங்களுக்கு அருகே, ஆனால் ஆந்திர அரசின் சலுகைக்குள் இருப்பதே இவ்விடத்தின் தனிச் சிறப்பு. என் பெரியம்மா மகள் விடியுமுன் கம்பெனிப் பேருந்து ஏறி அங்கே வேலைக்குச் செல்கின்றாள். ஊதியம் வருகிறது, வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்பும் வருகிறது. வேங்கடகிரிப் பக்கத்துக் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாய் வழியே கிருஷ்ணா நீரும் பூண்டிக்குச் செல்கின்றது. 1983-இல் இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்தன. 1996-இல் நீர் தமிழகம் வந்து சேர்ந்தது. சென்னைக்கு வண்டியும் தண்ணீரும் தரும் தொகுதி இது என்றால் மிகையாகாது.

இத்தனை வளத்துக்கும் நடுவே ஏரியை நம்பிய குடிகள் எங்ஙனம் இருக்கின்றனர்? ஏரி உயிரோடிருக்க வேண்டுமானால் கடல்நீர் உள்ளே வந்து போகவேண்டும். வடக்கே உள்ள முகத்துவாரங்களை மணல் மூடிவிட்டது. சூலூர்ப்பேட்டையிலிருந்து தீவுக்குச் செல்லும் சாலையும் ஏரியைக் குறுக்கே அறுத்து நீரோட்டத்தைத் தடுக்கின்றது. கோடையில் வடபகுதி வற்றி, உப்புப் பூத்து, வெடித்துக் கிடப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். நீர் தெற்கே ஒதுங்க, மீனும் ஒதுங்கும். மீனைத் தேடி வலைஞரும் ஒதுங்குவர். அங்கே எல்லை குறுக்கிடும், தகராறு மூளும். தென்பகுதி ஊர்களில் 'பாடு' என்னும் பழைய முறை ஒன்று உண்டு. எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்த்துக்கொள்வர். வலியவன் வளைத்துக்கொள்ளாதபடி காக்கும் நல்ல ஏற்பாடு; ஆயினும் குறிப்பிட்ட சமூகத்தார்க்கு வெளியே உள்ளவர்க்கு அச்சீட்டில் இடமில்லை என்பதையும் மறைத்தல் தகாது.

இனி அரசியல். 1952-இல் திருப்பதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர் திருச்சானூர் அனந்தசயனம் ஐயங்கார். பின்னர் 1956 முதல் 1962 வரை அவைத் தலைவராக விளங்கினார். பிற்காலத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்ட இத்தொகுதியில் சிந்தா மோகன் ஆறு முறை வென்றார். 1984-இல் தெலுங்கு தேசத்தின் சார்பில், பின்னர் காங்கிரசின் சார்பில். 2024 மே 13 அன்று யான் முதன்முதலாக வாக்களித்தேன். சட்டமன்றத்துக்கு ஒன்று, பாராளுமன்றத்துக்கு ஒன்று என இரண்டு பொத்தான்கள். முடிவு விந்தையாக இருந்தது. ஏழு சட்டமன்றத் தொகுதிகளையும் தெலுங்கு தேசக் கூட்டணி வென்றது. பாராளுமன்ற இடமோ 14,000-க்குச் சற்று மேற்பட்ட வாக்குகளில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் குருமூர்த்திக்குக் கிடைத்தது. பாமரர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே சின்னத்தில் குத்துவர் என்று பேசும் நகரத்து நண்பர்கள் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

இவ்வளவு நிறுத்துப் பார்க்கத் தெரிந்த மக்களிடம் வந்த தலைவர்கள் எதைப் பேசினர்? என் செவிக்கு எட்டிய கூட்டங்களிலெல்லாம் மலையைப் பற்றியும் கோயிலைப் பற்றியும் பேச்சு நீண்டது. முகத்துவாரத்து மணல் ஒரு வரியில் முடிந்தது. ஏரியின் வடகரை திருப்பதித் தொகுதி. தென்கரை திருவள்ளூர்த் தொகுதி. இரு உறுப்பினர் பொறுப்பாயிருப்பது எவர் பொறுப்பும் ஆகாமல் போவது உலக வழக்கு. ஆனால் ஆறுகள் இந்தக் கணக்கை அறியா. பிச்சாட்டூர் அணையில் தேங்கும் ஆரணியாறு ஊத்துக்கோட்டை வழியே சென்று தமிழகத்துக் கரையில் ஏரியை அடைகின்றது. மேலே நாம் கலக்கும் கழிவைக் கீழே அவர்கள் மீனோடு உண்பர்.

தமிழ் மாணவத் தோழர்களே! வேங்கடம் போயிற்றே என்று ஆண்டுதோறும் மேடையில் பெருமூச்சு விடுகிறோம். போன மலைக்கு அழுவதில் தவறில்லை. இருக்கும் ஏரியை ஏறெடுத்தும் பாராதிருப்பதுதான் தவறு. வடகரை மீனவரிடம் தெலுங்கிலும் தென்கரை மீனவரிடம் தமிழிலும் பேசக்கூடியவர் நம்மை விட்டால் யார்? இவ்வாண்டு நம் மன்றச் சுற்றுலாவைச் சூலூர்ப்பேட்டையில் தொடங்கிப் பழவேற்காட்டில் முடிப்போம். கேட்டதை இரு மொழியிலும் எழுதி, இரு உறுப்பினர்க்கும் ஒரே விண்ணப்பமாக அனுப்புவோம். பயன் உடனே விளையும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரை, "முகத்துவாரம் என்னவாயிற்று?" என்று கேட்க நம்மில் நாற்பது பேராவது இருப்போம்.