கோபுரத்தின் காலடியில் ஒரு பெண்

பொதிகை எக்ஸ்பிரஸ் தென்காசியை நெருங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. மலை பாதி உயரம் வரை மேகத்துக்குள் மறைந்திருந்தது. அந்த மேகத்தின் முன்னால் தனியே எழுந்து நின்றது காசி விசுவநாதர் கோயில் கோபுரம். ஒன்பது நிலை, சுமார் 180 அடி. சென்னையிலிருந்து இரவெல்லாம் வந்த அலுப்பு அந்த நொடியில் போய்விட்டது.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் உள்ள மேலகரத்தில், நண்பர் வீட்டு மாடியறையில் தங்கினேன். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் இது. இந்த மலையையும் அருவியையும் வெறும் சொல்லாலேயே கண்முன் நிறுத்தியவர் அவர். நானோ இரண்டு லென்ஸும் ஒரு ட்ரைபாடும் சுமந்து வந்திருந்தேன்.

முதல் நாள் ஆசை மிகுதியில் கோபுரத்தடிக்கே போய் அண்ணாந்து படம் எடுத்தேன். படத்தில் கோபுரம் மல்லாந்து விழுவது போல் சாய்ந்திருந்தது, உச்சி சுருங்கிப்போயிருந்தது. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தாலே செங்குத்துக் கோடுகள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். கடைத்தெரு வழியாகக் கிழக்கே நடந்தேன். போகப் போகக் கோபுரம் நிமிர்ந்தது. தூர லென்ஸில் பார்த்தபோது, எங்கோ இருந்த மலை கோபுரத்தின் தோளருகே வந்து நின்றது. இத்தனை பெரிய கோபுரத்தைப் படத்துக்குள் கொண்டுவர, கால்தான் முதலில் வேலை செய்ய வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். கோயில் கிழக்கு பார்த்தது. காலை வெயில் கோபுரத்தின் முகத்தில் நேராக விழுகிறது. மாலையில் மேலகரத்து மாடியிலிருந்து பார்த்தால் அதன் முதுகு மஞ்சளாகிறது. ஆனால் மேற்கே மலை இருப்பதால் இங்கே வெயில் சீக்கிரம் இறங்கிவிடும். சாரல் நாளில் கதையே வேறு. மேகம் வெயிலை வடிகட்டி அனுப்ப, கடும் நிழல் இல்லாமல் ஒவ்வொரு சுதையுருவமும் மெல்லத் துலங்குகிறது. பக்கவாட்டு வெயில் உருவத்தின் திரட்சியைக் காட்டும், மேகவெளிச்சம் அதன் நிறத்தைக் காட்டும்.

மறுநாள் காலை கோயில் வாசலில் பூ விற்ற ஆச்சி என் பையைப் பார்த்தார். "உள்ள போட்டோ எடுக்க விடமாட்டாவ தம்பி. சும்மா போய்ப் பாத்துட்டு வாங்க," என்றார். பையை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். வாசலில் மலைக்காற்று எதிரே வந்து மார்பில் மோதியது.

அந்த வெறுங்கை எனக்கு வரமாக அமைந்தது. மண்டபத் தூண்களில் வீரபத்திரர், காளி, ரதி, கரும்பு வில்லோடு மன்மதன். கேமரா இருந்திருந்தால் ஆளுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கி நகர்ந்திருப்பேன். இப்போது வீரபத்திரர் முன்னால் மட்டும் அரை மணி நேரம் நின்றேன். நேர் எதிரே நின்றால் வெறும் கனத்த கல். இடப்பக்கம் இரண்டடி நகர்ந்தேன். திறந்த பக்கத்திலிருந்து வந்த வெளிச்சம் தொடையின் திரட்சியில் வழுக்கி, முழங்காலில் நின்று, அதற்குக் கீழே இருண்டது. கல்லுக்குள்ளிருந்து ஒரு கால் முன்னே எட்டு வைத்தது! ஃப்ளாஷ் அடித்திருந்தால் இந்த நிழல் அத்தனையும் செத்திருக்கும். சிலைக்கு உயிர் கொடுப்பது அதன் நிழல்தான்.

இந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கியவன் பராக்கிரம பாண்டியன், ஆண்டு 1446. கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைச் சீர்செய்து காப்பவர்களை இப்போதே பணிகிறேன் என்ற அவன் பாடல் கல்வெட்டாக நிற்கிறது. ஒரு மன்னன், இன்னும் பிறக்காத மனிதர்களை வணங்குகிறான். அவன் பயந்தது நடந்தது. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. ஊர் கூடி மீண்டும் எழுப்பி, 1990-இல் குடமுழுக்கு நடந்தது.

1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, 19 அடி நீளத்துக்கு ஒன்றாக ஒட்டினார். கல் சொன்னதை விட்டுவிடாமல் எடுத்துப்போக வேண்டும் என்ற அக்கறை அது. தென்காசிக் கல் சொன்னதை நான் எந்தப் படத்தில் கொண்டுபோவது?

கடைசி நாள் விடியலில் அதே கிழக்குத் தெருவில் ட்ரைபாடை நிறுத்தினேன். மலை, மேகம், மழையில் நனைந்த கோபுரம். எல்லாம் பொருந்தியும் படத்தில் உயரம் தெரியவில்லை. அப்போது ஒரு பெண் வாசலுக்கு வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து பெருக்கத் தொடங்கினார். நான் நின்ற தூரத்துக்கு அவர் விரல்நகம் அளவே இருந்தார். அவருக்கு மேலே கோபுரம் திடீரென வளர்ந்தது.

அந்த நொடியில் அழுத்தினேன். அளவுக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது படக்கலையில் பழைய பாடம். அந்த ஆள் யார் என்பதைத்தான் தென்காசி எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பராக்கிரம பாண்டியன் வணங்கியது அவரையும் சேர்த்துத்தான்.