மூணு நாள் கப்பல், மூணு நாள் கிறுகிறுப்பு

அந்தமானுக்குக் கப்பலில் வருவதைப் பற்றி மெயின்லேண்ட் நண்பர்கள் கேட்பது ரெண்டே கேள்விதான். "டால்ஃபின் தெரியுமா?" "வாந்தி வருமா?" முதல் கேள்விக்குப் பதில், அதிர்ஷ்டம் இருந்தால். ரெண்டாவதற்குப் பதில் கொஞ்சம் நீளம்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல்வழியில் 1190 கிலோமீட்டர். (2024 செப்டம்பரிலிருந்து அரசாங்கத் தாளில் அது ஸ்ரீ விஜய புரம். பஸ் கண்டக்டர் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்.) சுமார் 60 மணி நேரம் ஆகும். வானிலை, துறைமுகத்தில் இடம் என்று கொஞ்சம் இழுத்தால் மூணு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது இன்னொரு கணக்கு. கடலில் ஆடும் கப்பலுக்கு மனித உடம்பு பழக எவ்வளவு நாள் ஆகும்? பெரும்பாலானவர்களுக்கு ரெண்டிலிருந்து மூணு நாள்.

ரெண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உல்லாசக் கப்பலில் பத்து நாள் போகிறவர் முதல் ரெண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு மீதி எட்டு நாள் பஃபேயில் வெளுத்துக் கட்டலாம். கப்பலில் வேலை பார்க்கிறவர்களுக்கும் அப்படித்தான். நமக்கோ, தலை தெளிந்து "அட, பசிக்குதே" என்று எழுந்து உட்காரும்போது ஹேடோ துறைமுகத்தில் கயிறு வீசிக்கொண்டிருப்பார்கள். நுழைவுத் தேர்வு மட்டும் எழுதிவிட்டு காலேஜுக்குப் போகாமலே திரும்புகிற மாதிரி. திரும்பிப் போகும்போது மறுபடியும் அதே தேர்வு, ஏனென்றால் கரையில் ரெண்டு மூணு மாசம் இருந்தால் உடம்பு பழையபடி தரைக்கே பழகிவிடுகிறது.

இதெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் அம்மா. 2023 ஆகஸ்டில் என் மனைவிக்குப் பிரசவம். மாமியார் உயிரோடு இல்லை. மாயாபந்தரில் எங்களுக்குச் சொந்தம் என்று யாரும் கிடையாது. அருப்புக்கோட்டையிலிருந்து அம்மாதான் வரவேண்டும். விமானம் என்றால் ரெண்டு மணி நேரத்துச் சமாச்சாரம். அம்மா ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டார். "விமானத்துக்குக் கீழ என்னப்பா இருக்கு? கப்பலுக்குக் கீழ தண்ணியாச்சும் இருக்குல்ல." அதோடு பிரசவ மருந்துச் சாமான், குழந்தைக்குத் தூளிச் சேலை, வடகம், ரெண்டு டின் நல்லெண்ணெய் என்று மூட்டை முடிச்சு வேறு. சரி என்று லீவு போட்டுக்கொண்டு நானே சென்னைக்குப் போய் ஜூலையில் கப்பலில் கூட்டி வந்தேன். ஜூலை என்றால் தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் மாசம். பிரசவம் காலண்டர் பார்த்தா வருகிறது?

கப்பல் எப்படியெல்லாம் ஆடும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இடமும் வலமுமாகச் சாய்வது ரோலிங். மூக்கு மேலே ஏறி வால் கீழே இறங்குவது பிட்சிங். மொத்தக் கப்பலும் லிஃப்ட் மாதிரி மேலே போய்க் கீழே வருவது ஹீவிங். இன்னும் மூணு அசைவுகள் உண்டு, அவை நம்மை அவ்வளவாகப் படுத்தாது. பார்க்கப் பயமாக இருப்பது ரோலிங்தான். டம்ளர் உருளும், கதவு அடிக்கும். ஆனால் வயிற்றைக் கலக்குவதில் முதலிடம் அந்த மேல்-கீழ் அசைவுக்கு. 1974-ல் ஓஹேன்லன், மெக்காலி என்ற ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆட்களை ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து, பெட்டியைப் பலவிதமான வேகத்தில் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்கள். வேகமாக ஆட்டினால் அவ்வளவு பேர் வாந்தி எடுக்கவில்லை. ரொம்ப மெதுவாக ஆட்டினாலும் இல்லை. ஐந்தாறு வினாடிக்கு ஒரு தரம் ஏறி இறங்கும் வேகம் இருக்கிறதே, அதுதான் ஆளைச் சாய்த்தது. கடல் அலையில் மாட்டிய கப்பலுக்கு இது ரொம்பச் சுலபமாக வந்துவிடுகிற வேகம். தூளியில் தூங்கிய அதே குழந்தை வளர்ந்து கப்பலில் ஏறினால் ஏன் புரட்டுகிறது என்பதற்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. தூளி இதைவிட வேகமாக ஆடுகிறது, அதுவும் பக்கவாட்டில்.

மீதிப் பாதி காதில் இருக்கிறது. உள்காதில் திரவம் நிறைந்த மூணு வளையங்கள் தலை திரும்புவதைச் சொல்லும். பக்கத்திலேயே பசை மாதிரி ஒரு படலத்தின் மேல் சுண்ணாம்புத் துகள்கள், மண்ணளவு குட்டிக் கற்கள். நாம் மேலே கீழே போவதையும் சாய்வதையும் சொல்வது அவைதான். கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும்போது கண் "சுவர் அசையவில்லை, எல்லாம் சும்மாதான் இருக்கு" என்கிறது. காதுக்கல் "இல்லை இல்லை, ஏறுகிறோம் இறங்குகிறோம்" என்கிறது. ரெண்டு சாட்சியும் வேறு வேறு சொன்னால் மூளை குழம்பிப் போய்த் தண்டனையை வயிற்றுக்குக் கொடுக்கிறது. உள்காதின் இந்தப் பகுதி வேலை செய்யாத காது கேளாதவர்கள் சிலரை 1960-களில் வட அட்லாண்டிக் புயலில் கப்பலேற்றிப் பார்த்தார்கள். கூட வந்த மற்றவர்கள் கிழிந்த நாராகக் கிடக்க, அவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

ஆகவே இது மனசு பலவீனம், பயம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். இங்கிலாந்துக் கடற்படையின் நெல்சனுக்கே ஆயுசு முழுக்க இந்தத் தொல்லை இருந்தது. நம்மூர் ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தின் மேல் படை அனுப்பினான், மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று நிக்கோபார்கூட வருகிறது. போன வீரர்களில் எத்தனை பேர் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு குமட்டினார்கள் என்பதை மட்டும் கல்லில் வெட்டவில்லை.

சரி, எங்கே படுப்பது? இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீசா பலகையில் நடுவில் உட்கார்ந்தவன் ஆடமாட்டான், நுனியில் இருப்பவன்தான் ஏறி இறங்குவான். கப்பலும் அப்படியே. நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்ப்பகுதி, இதுதான் ஆட்டம் குறைந்த இடம். அப்படிப் பார்த்தால் காசு கொடுத்து மேல்தளத்தில் டீலக்ஸ் கேபின் எடுப்பவர்தான் அதிகம் ஊசலாடுகிறார். கீழே பங்க் கிளாஸில் அடுக்குக் கட்டிலில் கிடப்பவருக்குக் கணக்குப்படி சுகம். ஆனால் பங்க் கிளாஸில் ஜன்னல் கிடையாது. டீசல் வாசனை, சமையல் வாசனை, பக்கத்தில் ஒருவர் ஆரம்பித்தால் வரிசையாக எல்லாரும். இயற்பியல் கொடுத்ததை மூக்கு பிடுங்கிக்கொள்கிறது. நாங்கள் செகண்ட் கிளாஸ் கேபினில் வந்தோம், நடுவாகப் பார்த்து. (உல்லாசக் கப்பல்களில் பக்கத்தில் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கும். அது ரோலிங்கைத்தான் அடக்கும். ஏறி இறங்குவதை ஒன்றும் செய்யாது.)

சென்னையிலிருந்து வரும்போது கப்பல் கிழக்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து வருகிறது. தென்மேற்கிலிருந்து அலை வலப்பக்கப் பின்புறத்தில் வந்து தூக்கும். அப்போது கப்பல் ஒரே நேரத்தில் சாய்ந்துகொண்டே வாலைத் தூக்கி முறுக்கும். இதே காற்றில் இங்கிருந்து சென்னைக்குப் போனால் அலையை முன்பக்கமாகச் சந்திக்க வேண்டும். ஒவ்வொரு அலையும் சீக்கிரம் சீக்கிரம் வரும், மூக்கு குத்திக் குத்தி எழும். எது தேவலை என்று கேட்டால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போவதே தேவலை. அந்த மாசங்களில் வங்காள விரிகுடா சில நாள் எங்கள் ஊர்க் கண்மாய் மாதிரிக் கிடக்கும்.

அம்மாவுக்கு முதல் நாள் சாயங்காலம் ஆரம்பித்தது. மறுநாள் காலையில் கொஞ்சம் தெளிவாக இருக்கவே ரெண்டு இட்லி சாப்பிட்டு, வழக்கம்போலச் சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டார். அரை மணி நேரத்தில் இட்லி வெளியே வந்துவிட்டது. பதினொரு மணி இருக்கும். அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். பார்க்கிறவர்கள் எல்லாரும் கடல் கிறுகிறுப்பு என்றுதான் நினைப்பார்கள். எதிர்க் கட்டிலில் ரங்கத்துக்குப் போகும் ஒரு ராஞ்சிக்காரப் பாட்டி. அவர்தான் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஷுகர் ஹை க்யா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் தன் முடிச்சிலிருந்து கற்கண்டை எடுத்து, இன்னும் நினைவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அம்மா வாயில் போட்டார். நான் கப்பல் டாக்டரைக் கூட்டி வர ஓடினேன். அவர் விரலில் குத்திப் பார்த்தபோது 58. கற்கண்டு சாப்பிட்ட பிறகே 58. சர்க்கரைத் தண்ணீர், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக பிஸ்கட், மணிக்கொரு தரம் பரிசோதனை. மத்தியானத்துக்குள் அம்மா "ஏம்ப்பா இப்படி முழிக்கிற?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

டாக்டர் சொன்னது இதுதான். அம்மா போடும் கிளிமிபிரைடு வகை மாத்திரை, நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது. அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். உள்ளே போன சாப்பாடு வெளியே வந்துவிட்டால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை தீர்ந்துபோகும். கப்பலேறுவதற்கு முன்பே நம் டாக்டரிடம் "சாப்பிட முடியாமல் போனால் மாத்திரையை என்ன செய்வது?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாச் சர்க்கரை மாத்திரையும் ஒன்றுபோல வேலை செய்வதில்லை, இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு, அதனால் நான் இங்கே பொதுவாக ஒன்றும் சொல்ல மாட்டேன். வயசானவர்களுக்குத் தண்ணீர்ச் சத்து வற்றுவதும் சீக்கிரம் நடக்கும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கற்கண்டு, விரலில் குத்திப் பார்க்கும் மெஷின், இந்த மூணும் டிபன் கேரியருக்கு முன்னால் பைக்குள் போக வேண்டியவை.

வாந்தி மாத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவோமின், ஸ்டுஜெரான் எதுவானாலும் குமட்டல் வருவதற்கு முன் போட்டால்தான் பிரயோசனம். வந்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரும், தள்ளாட்டம் வரும். ஆடுகிற கப்பலில் வயசானவர் அரைத்தூக்கத்தில் கழிவறைக்கு நடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கண்ணில் நீர் அழுத்தம், ப்ராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. இஞ்சிக்குக் கொஞ்சம் பலன் உண்டு என்கிறார்கள், இல்லை என்கிறவர்களும் உண்டு. கெடுதல் இல்லை என்பதால் அம்மா இஞ்சி மரப்பாவை விடவில்லை.

எங்களுக்கு அதிகம் உதவியது ராஞ்சிப் பாட்டியின் வைத்தியம். மூணாம் நாள் காலையில் அம்மாவை மேல் டெக்குக்கு அழைத்துப் போய், நடுவாக ஒரு இடத்தில் உட்காரவைத்து, "பானி மத் தேக்கோ" என்றார். பக்கத்துத் தண்ணீரைப் பார்க்காதே, தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார். அந்தக் கோடு ஆடாது, அதைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒரே சாட்சி சொல்லும். முடியவில்லை என்றால் கண்ணை மூடி மல்லாந்து படு. ஆராய்ச்சிக் கட்டுரைகளும் கடைசியில் இதைத்தான் சொல்கின்றன. பாட்டிக்கு ஹிந்தி, அம்மாவுக்கு அருப்புக்கோட்டைத் தமிழ், ஆனாலும் ரெண்டு பேரும் மத்தியானம் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

இறங்கிய பிறகும் இது விடாது. உடம்பு கப்பலுக்குப் பழகத் தொடங்கியதல்லவா, இப்போது அசையாத தரைதான் அதற்குப் புதுசு. போர்ட் பிளேரிலிருந்து மாயாபந்தருக்கு டிரங்க் ரோட்டில் சுமார் 240 கிலோமீட்டர், ஜிர்கடாங்கில் கான்வாய்க்காகக் காத்திருப்பு, காட்டு வளைவுகள். அதையும் தாண்டி வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றவர், தூணைப் பிடித்துக்கொண்டு "ஐயோ, தரை ஆடுதே" என்று கத்தினார். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் அத்தனை பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்துவிட்டார்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்த ஊரில் யாரும் விளையாட்டாகச் சொல்கிற வார்த்தை இல்லை அது. விஷயம் தெரிந்து அவர்கள் சிரித்த சிரிப்பு... அம்மாவுக்குத் தெருவில் முதல் சிநேகிதம் அப்படித்தான் கிடைத்தது. ஆட்டம் ரெண்டு நாளில் நின்றுவிட்டது. பெரும்பாலும் எல்லாருக்கும் அப்படித்தான் நிற்கும்.

ஆகஸ்டில் மகள் பிறந்தாள். 2024 பிப்ரவரியில் அம்மா ஊருக்குத் திரும்பினார், விமானத்தில் இல்லை, கப்பலில்தான். கடல் கண்ணாடி. ஒரு தரம்கூட வாந்தி இல்லை. சர்க்கரை நோட்டில் நாலு வேளையும் எழுதி வைத்திருந்தார். போய்ச் சேர்ந்ததும் போனில் கேட்ட முதல் கேள்வி, பாப்பாவை எப்போது கப்பலில் கூட்டி வருகிறாய் என்பது. ரெண்டு வயசுக்குள் குழந்தைகளுக்கு இந்தக் கிறுகிறுப்பு அநேகமாக வராது, அதற்குப் பிறகு வரத் தொடங்கி ஏழெட்டு வயசிலிருந்து பன்னிரண்டு வரை உச்சத்தில் இருக்கும் என்று படித்ததை உளறிவிட்டேன். அம்மா உடனே விரல் விட்டு மாசத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார்.