ஐம்பத்து மூன்று மணி

அம்மிச்சியின் செபமாலையில் ஒரு மணி குறையும். சோமனூரில் விசைத்தறிக்குத் தார் சுற்றியபடியே செபம் சொல்கிறவள் அவள். ஒரு நாள் மாலை ராட்டையில் சிக்கி அறுந்தது. மணிகளைப் பொறுக்கிக் கோத்தபோது நாலாவது பத்தில் ஒன்பதுதான் தேறியது. பத்தாவதற்கு நூலில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். புது மாலை வாங்கித் தருவதாக அம்மா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். "கணக்கு எனக்குத் தெரியும் கண்ணு, மாதாவுக்கும் தெரியும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவள் போன பிறகு அந்த மாலை என்னிடம் வந்தது.

வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், தவக்காலத்தில் ஒருசந்தி, கோயிலுக்குள் முக்காடு, அக்டோபரில் கருமத்தம்பட்டி செபமாலை மாதா தேர் என்று அம்மிச்சியின் வருடம் ஓடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்தது. அதன் பிறகு லத்தீன் போய்த் தமிழ் வந்தது, பூசை திருப்பலியானது, சர்வேசுரன் கடவுளானார். அவள் வாயில் மட்டும் பழைய சொற்களே இருந்தன. கோயில் முழுக்கப் புதிய பாடத்தைச் சொல்ல, இவள் ஓரமாக உட்கார்ந்து பிரியதத்த மந்திரத்தைப் பழைய பாடத்தில் முணுமுணுப்பாள். பாதி புரியாத அந்தச் செபமொழியின் ஓசைதான் என்னைத் தமிழ் படிக்க இழுத்தது. முனைவர் பட்டத்துக்கு நான் தேம்பாவணியை எடுத்துக்கொண்டதற்கும் அவளே காரணம்.

பெண்ணியம் பேசுகிற நீ எப்படி இன்னும் கோயிலுக்குப் போகிறாய் என்று தோழிகள் கேட்பார்கள். என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். செபமாலை எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் செபம். மடங்களில் துறவிகள் 150 சங்கீதங்களைப் பாடினார்கள். வாசிக்கத் தெரியாத மக்கள் அவற்றுக்கு ஈடாக 150 முறை மாதாவை வாழ்த்தினார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு ஐம்பது. தொடக்கத்தில் சொல்லும் மூன்றைச் சேர்த்தால் நம் ஊர்க் கணக்கில் ஐம்பத்து மூன்று மணி செபம். இதற்குக் குருவானவர் வேண்டாம், பீடம் வேண்டாம். 1773-இல் போப்பாண்டவர் இயேசு சபையைக் கலைத்தார். அந்தச் சபைக் குருக்கள் மீண்டும் மதுரை மிஷனுக்கு வந்தது 1838-இல். இடைப்பட்ட காலத்தில் ஊர் ஊராகக் குருக்கள் குறைந்துபோனார்கள். அப்போது விசுவாசத்தைக் காப்பாற்றியவர்கள் உபதேசியார்களும் வீட்டுப் பெண்களும்தான். திருச்சபைக்கு நெருக்கடி வந்தபோதெல்லாம் அதைத் தாங்கியது பெண்களின் விரல்கள் என்று நான் பெருமையாகச் சொல்வேன்.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் நான் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன்.

2011-இன் தொடக்கம். இளநிலை இரண்டாம் ஆண்டுக்கு பாமாவின் 'கருக்கு' நடத்திக்கொண்டிருந்தேன். 1992-இல் வந்த நூல். துறவற மடத்தில் ஏழு ஆண்டுகள் இருந்து வெளியே வந்த ஒரு தலித் பெண் எழுதியது. மடத்துக்குள் சாதி எப்படி வேலை செய்தது என்பதைப் பற்றி அன்று ஒரு மணி நேரம் நன்றாகவே பேசினேன். வகுப்பு முடிந்ததும் திண்டுக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி என் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, நானும் மடத்துல ரெண்டு வருஷம் இருந்தேன். எங்களுக்குப் பூசை வைக்க வர்ற சாமி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

அவள் நிறுத்தியது நான் கேட்பதற்காக. அது எனக்கு அப்போதே தெரிந்தது. நான் கேட்கவில்லை. "இதை யார்கிட்டயும் சொல்லாதே. உன் பேருதான் கெடும். தினம் செபமாலை சொல்லு, மாதா பாத்துக்குவா" என்றேன். கைப்பையிலிருந்த ஒரு மாலையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மூன்றாம் ஆண்டுக்கு அவள் வரவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அம்மா பங்கில் மரியாயின் சேனைத் தலைவியாக இருந்தார். ஊரில் பேச்சு வரும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட ஆழமான ஒரு காரணமும் உண்டு. 2008-இல் ஒடிசாவின் கந்தமாலில் நடந்த வன்முறை முடிந்து அப்போது மூன்று வருடம்கூட ஆகவில்லை. கோயில்களும் வீடுகளும் எரிந்த படங்களைப் பார்த்தவர்கள் நாங்கள். அடிபடுகிற சிறுபான்மைக்குள் பிறந்தவளுக்கு, நம் வீட்டுக் குற்றத்தை வெளியே சொன்னால் எதிரியின் வாய்க்கு அவல் போட்டதாகிவிடும் என்ற எண்ணம் யாரும் கற்றுத் தராமலே வந்துவிடுகிறது. வாயை மூடிக்கொண்டிருப்பதே விசுவாசம் என்று நம்பியிருந்தேன். திருச்சபையைக் காப்பதற்காக அன்று நான் கைவிட்டது, திருச்சபைக்குள் இருந்த இருபது வயதுப் பெண்ணை.

2018 செப்டம்பர் 8. மாதா பிறந்த நாள். வேளாங்கண்ணித் திருவிழாவின் கடைசி நாள். வீட்டில் பாயசம் வைத்துவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டேன். கொச்சியில் கேரள உயர்நீதிமன்றத்துக்கு அருகே, வஞ்சி சதுக்கத்தில், ஐந்து கன்னியர்கள் துறவற உடையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜலந்தர் ஆயர் பிராங்கோ முளக்கல் மீது தங்கள் சபைச் சகோதரி ஒருவர் கொடுத்திருந்த பாலியல் வன்கொடுமைப் புகாரில் நடவடிக்கை எடுக்கச் சொல்லி அந்தப் போராட்டம். செப்டம்பர் 21 அன்று அவர் கைதானார். 2022 ஜனவரி 14 அன்று கோட்டயம் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டது. 2023 ஜூனில் அவரது பதவி விலகலைப் போப்பாண்டவர் ஏற்றுக்கொண்டார். வழக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. அன்று என்னை உலுக்கியது அந்த ஐந்து பேரும் உட்கார்ந்திருந்த விதம். சாப்பாடும் கூரையும் தருகிற சபைக்குள் இருந்துகொண்டே, மாதாவின் திருநாளில், தெருவில் உட்கார்ந்து தங்கள் சகோதரிக்காகப் பேசினார்கள்.

எங்கள் கருமத்தம்பட்டியில் 1846-இல் ஆயராகத் திருநிலை பெற்றவர் பிரெஞ்சுக்காரரான மரியோன் பிரெசியாக். சாதி வழக்கங்களுக்குத் திருச்சபை எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்ற கேள்வி மனசாட்சியை உறுத்த, சில ஆண்டுகளில் பதவியை விட்டு விலகினார். பிறகு ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். ஓர் ஆயருக்கு உறுத்தினால் ராஜினாமாக் கடிதம் எழுத ரோமில் ஒரு முகவரி இருந்தது. என் மாணவிக்கு இருந்த முகவரி நான்தான்.

பழைய மாணவிகளிடம் விசாரித்து அவளைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது. திருப்பூரிலேயேதான் இருந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய லைன் வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் அன்று சொன்னது தவறு என்று சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"நீங்க மாலையக் குடுத்தப்ப வாய்ல துணிய வச்சு அடைச்ச மாதிரி இருந்துச்சும்மா. அப்புறம் நான் அதைத் தொடவே இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள். "எங்க செக்கிங் டேபிள்ல பீஸ்ல ஓட்டை இருந்தா ஸ்டிக்கர் ஒட்டித் தனியாப் போடணும். ஓட்டையப் பாத்துட்டுப் பேசாம மடிச்சு வைக்கிறவளத்தான் வேலைய விட்டு நிறுத்துவாங்க. ஓட்டை போட்டவன்கூட அப்புறம்தான்."

நான் தலை குனிந்திருந்தேன்.

"டீ ஆறுது, குடிங்க. அன்னிக்குக் கேக்காம விட்டீங்கள்ல, இப்பக் கேளுங்க" என்றாள்.

இரண்டு மணி நேரம் கேட்டேன். அவள் சொன்னது அவளுடையது. அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. என்னை மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

இந்திய ஆயர் பேரவை 2017-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. 2019-இல் போப் பிரான்சிஸ், குருக்களாலும் ஆயர்களாலும் கன்னியர்களுக்கு நேர்ந்த பாலியல் வன்முறையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில், பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால் திருச்சபை அதிகாரிகளிடம் புகார் தெரிவிப்பது குருக்கள், துறவியரின் கடமை என்று சட்டம் கொண்டுவந்தார். தாளில் இவை இருக்கின்றன. என் பங்கின் அறிவிப்புப் பலகையில் நவநாள் நேரம் இருக்கிறது, திருமண அறிக்கை இருக்கிறது. யாரிடம் புகார் கொடுப்பது என்ற ஒரு வரி கிடையாது. என் மாணவி வேலை செய்யும் கம்பெனிச் சுவரிலாவது உள்ளகப் புகார்க் குழுவின் பெயரும் எண்ணும் ஒட்டியிருக்கிறது. அதுவும் சும்மா வந்ததில்லை. 2021-இல் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான ஒரு தொழிற்சங்கம் போராடி, மறு ஆண்டு 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்ற ஒன்றை நிறுவனங்களோடு செய்துகொண்டது. அதன்படி அந்த ஆலைத் தளங்களில் கண்காணிக்கும் பொறுப்பு பெண் தொழிலாளர்களுக்கே தரப்பட்டது. பங்குப் பேரவையில் இதைச் சொல்லி, நம் பலகையிலும் அப்படி ஓர் எண் போடலாம் என்று கேட்டேன். "நம்ம கோயில்ல அதுக்கு என்ன அவசியம்?" என்று கேட்டார்கள். மூன்று கூட்டமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாலாவதிலும் கேட்பேன்.

செபமாலையை நான் விடவில்லை. அதைச் சொல்லும் விதம் மாறியிருக்கிறது. சந்தோஷ தேவ இரகசியங்களில் முதலாவது, வானதூதர் மரியாளிடம் வருவது. இத்தனை காலம் அவள் பணிந்து சம்மதித்ததை மட்டுமே தியானித்துக்கொண்டிருந்தேன். லூக்கா எழுதிய நற்செய்தியில் சம்மதத்துக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இது எப்படி நடக்கும் என்று அவள் தூதரையே கேட்கிறாள். பதில் வந்த பிறகுதான் சம்மதிக்கிறாள். அடுத்த இரகசியத்தில் எலிசபெத்திடம் போய், வலியவரை அரியணையிலிருந்து இறக்குகிற கடவுளைப் பற்றி வாய்விட்டுப் பாடுகிறாள். பேசாமலிரு என்று சொல்ல அவள் பெயரை எடுத்தேனே என்று ஒவ்வொரு முறையும் கூசுகிறது.

இப்போது ஞாயிறு மாலைகளில் அந்த லைன் வீட்டு வாசலில் ஐம்பத்து மூன்று மணி சொல்கிறோம். தூத்துக்குடி, திண்டுக்கல் பெண்கள் ஆறேழு பேர். ஜார்க்கண்டிலிருந்து வந்த இரண்டு பேர் அவர்கள் பத்தை இந்தியில் சொல்வார்கள். என் மாணவி சேர்வதில்லை. திண்ணையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். வாசலைக் கேட்டபோது, "செபம் முடிஞ்சதும் உடனே எந்திரிச்சுப் போயிரக் கூடாது. அரை மணி நேரம் இருந்து பேசணும்" என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

போன வாரம் நாலாவது பத்து முடிகிற நேரம். அம்மிச்சி போட்ட முடிச்சு விரலில் தட்டியது. கடைசியில் உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயதுப் பெண், கை மடிக்கிற வேலைக்குப் புதிதாக வந்தவள், "அக்கா, ஒண்ணு சொல்லணும். முடிஞ்சப்புறம் சொல்லட்டா?" என்றாள்.

திண்ணையில் கத்தி நின்றது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஒரு பத்து பாக்கி இருந்தது. மாலையை மடியில் வைத்துவிட்டு, "இப்பவே சொல்லு கண்ணு" என்றேன்.