முன்வரிசையில் ஒரு கதிரை

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, சமூகம் யாரையெல்லாம் ஒதுக்குகிறது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். ஆனால் முல்லைத்தீவில் எங்கள் யோகா வகுப்புக்கு வந்த ஓர் அக்காவைப் "பார்வையாளர்" என்று பதிந்தவளும் நான்தான். 2009இல் ஷெல் வீச்சில் ஒரு காலை இழந்தவர் அவர். வாசலடியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கியிருந்தார்.

வகுப்பை நடத்தியவள் என்னோடு வேலை செய்யும் தோழி. அவள் என்னோடு வாதாடவில்லை. ஒரு கதிரையைக் கொண்டுவந்து முன்வரிசையில் வைத்தாள்.

"அக்கா, இதில இருங்கோ. இரண்டு கையையும் உயர்த்தி மூச்சை இழுங்கோ. இதுவும் ஆசனம்தான்."

பிறகு எல்லோரிடமும், "கண்ணை மூடப் பயமெண்டால் திறந்தே வைச்சிருங்கோ. ஓம் சொல்ல விரும்பாத ஆக்கள் மூச்சை மட்டும் கவனிச்சால் போதும்" என்றாள். பங்கருக்குள் நாட்களைக் கழித்தவர்களும், கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளும் மனம் இலேசாகி அமர்ந்ததைக் கண்டேன்.

அடுத்த கிழமை அந்த அக்கா நேரத்தோடு வந்து, தன் கதிரையைத் தானே முன்னுக்கு இழுத்துப் போட்டார். நான் பதிவைத் திருத்தினேன்.

சகோதரிகளே, "என்னால் ஏலாது" என்று வாசலிலேயே நின்றுவிடாதீர்கள். உங்களுக்கும் ஒரு கதிரை கேளுங்கள். அதைப் போட்டுத் தருவது எங்கள் கடமை. இதை எனக்கு உணர்த்திய தோழிக்கு என் நன்றி.